அமெரிக்கன் கவர்ன்மென்ட் பாடத்தை எடுத்துவிட்டால் எங்கள் துறையில் என்ன மிச்சம்?

கடைசிமேசை எழுதியது:

கலிஃபோர்னியாவில் ஒரு நடுத்தர அளவு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி, இங்கே படித்துவிட்டு நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆவார்கள்) பொலிட்டிக்கல் சயன்ஸ் நடத்துகிறேன். முழுநேரம் நாங்கள் இரண்டே பேர், மற்ற எல்லாரும் பகுதிநேரம். என்னோடு இருக்கும் சீனியர் வரும் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார், அதே செமஸ்டரில் புரோகிராம் ரிவ்யூவும், அதாவது துறையின் நிலையை ஆராய்ந்து எழுதும் அறிக்கையும், என் தலையில் வந்து விழுந்திருக்கிறது. படிவம் என்னவோ பக்கம் பக்கமாக நீள்கிறது, ஆனால் டீன் வாயால் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஐந்து வருடம் கழித்து இந்தத் துறை எப்படி இருக்கும்? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசித்ததில் தூக்கம் போனதுதான் மிச்சம்.

நிலைமை இதுதான். அமெரிக்கன் கவர்ன்மென்ட், அதாவது 2025 ஃபாலில் இருந்து பொல்ஸ் சி1000 என்று பெயர் மாறிய பாடம், எத்தனை செக்‌ஷன் போட்டாலும் நிரம்பிவிடுகிறது. கால் ஸ்டேட்டில் (மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு) டிகிரி வாங்க வேண்டுமானால் அமெரிக்க வரலாறு, அரசமைப்பு, மாநில அரசும் உள்ளாட்சியும் படித்தே ஆக வேண்டும் என்ற விதி இருக்கும்வரை அதற்கு ஆள் வரும். இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ், கம்பேரட்டிவ், பொலிட்டிக்கல் தியரி மூன்றும்தான் ஒவ்வொரு செமஸ்டரும் இழுபறி. பதினொரு பேர், பன்னிரண்டு பேர் என்று நிற்கும். வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது மெயில் வரும், ரத்து என்று. அந்தப் பன்னிரண்டு பேரும் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

போன வருடம் ஒரு மாணவிக்கு ஏஏ-டி (டிரான்ஸ்ஃபருக்கான இரண்டு வருடப் பட்டம்) முடிக்க ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. எங்களிடம் இருக்கிறதில் அவள் எடுக்காமல் விட்டிருந்தது தியரி மட்டும். இரண்டு செமஸ்டர் தொடர்ந்து அதை ரத்து செய்தோம். பட்டம் இல்லாமலே டிரான்ஸ்ஃபர் ஆகிப் போய்விட்டாள். அறிக்கையில் அவள் ஒரு எண்ணாகக்கூட வரமாட்டாள், ஏனென்றால் பட்டம் வாங்கியவர்களைத்தான் எண்ணுகிறார்கள்.

டீன் சொல்லும் யோசனைகள்: ஆட்கள் வராத பாடங்களை நிறுத்திவிட்டு 'ஏஐயும் அரசியலும்' மாதிரி புதிதாக ஏதாவது கொண்டுவரலாம், அல்லது வேலைவாய்ப்பு சம்பந்தமாக ஒரு சர்டிஃபிகேட் ஆரம்பிக்கலாம். ஓய்வு பெறுகிறவரின் இடத்தை நிரப்புவதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பூசி மெழுக வேண்டாம், 'உங்கள் துறை இனி ஒரே பாடம்தான்' என்றாலும் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய சேர்மன் எழுதியது:

வேறொரு காலேஜில் பல வருடம் சேர்மனாக இருந்து தப்பித்தவன் நான். நீங்கள் சொல்கிற இழுபறிக்குக் காரணம் பாடங்களின் தரமோ ஆசிரியரோ இல்லை, அதை முதலில் அறிக்கையில் எழுதிவிடுங்கள். காரணம் ஜிஇ, அதாவது எந்த மேஜராக இருந்தாலும் எடுக்க வேண்டிய பொதுப் பாடங்களின் கணக்கு. முன்பு ஐஜிஇடிசி என்ற டிரான்ஸ்ஃபர் ஜிஇ பட்டியலில் சோஷியல் சயன்ஸ் பகுதிக்கு மூன்று பாடம் வேண்டும், அவை குறைந்தது இரண்டு துறைகளிலிருந்து வந்தால் போதும் என்று இருந்தது. ஆகவே ஒரு பையன் கவர்ன்மென்ட் எடுத்துவிட்டு, ஆசைப்பட்டால் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸும் எடுத்து இரண்டையும் கணக்கில் காட்டலாம். இப்போது அதன் இடத்தில் வந்த கால்-ஜிஇடிசியில் இரண்டே பாடம், இரண்டும் வெவ்வேறு துறை. கவர்ன்மென்ட் எப்படியும் எடுத்தாக வேண்டியது என்பதால் எல்லாரும் அதையே இதற்கும் காட்டிக்கொள்கிறார்கள், நியாயம்தானே. அதோடு பொலிட்டிக்கல் சயன்ஸுக்கான இடம் தீர்ந்தது. உங்கள் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் வகுப்பில் முன்பு உட்கார்ந்திருந்த பாதிப்பேர் ஜிஇக்காக வந்தவர்கள், நாம்தான் அவர்களை மேஜர் மாணவர்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

சரி, கவர்ன்மென்ட் பாடமாவது பத்திரமா என்றால் அதிலும் எனக்குச் சந்தேகம்தான். சி1000 என்ற பொது எண் வந்ததன் அர்த்தம் என்ன? 116 காலேஜிலும் அது ஒரே பாடம். உங்கள் மாணவன் ஆன்லைனில் வேறு காலேஜில் எட்டு வார வகுப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து அதே யூனிட்டுக்கு அதே 46 டாலர் கட்டி முடித்துவிட்டு வரலாம், ஒரு கவுன்சிலரும் கேள்வி கேட்கமாட்டார். இன்னொரு பக்கம் டூயல் என்ரோல்மென்ட், அதாவது ஹைஸ்கூலில் இருந்தபடியே காலேஜ் பாடம் எடுப்பது. ஹைஸ்கூல் முடிக்கவே இங்கே ஒரு செமஸ்டர் அமெரிக்கன் கவர்ன்மென்ட் கட்டாயம் என்பதால், ஸ்கூல்கள் முதலில் கேட்கிற காலேஜ் பாடங்களில் இதுவும் ஒன்று. பதினேழு வயதில் ஒரே பாடத்தால் இரண்டு வேலையும் முடித்துவிட்டு வருகிறவன் உங்கள் வளாகத்தில் உங்கள் துறையின் வாசலையே மிதிக்கமாட்டான். விதி இருக்கும்வரை ஆள் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாடத்துக்கு வரும், உங்கள் வகுப்புக்குத்தான் வரும் என்று சொல்ல முடியாது.

அதனால் டீனுக்கு நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் இது: கவர்ன்மென்ட் பாடம் துறைக்குச் சோறு போடும், ஆனால் திட்டம் போட வேண்டியது இரண்டாவது பாடத்துக்கு. கவர்ன்மென்ட் முடித்த ஒருவன் அடுத்து எதை எடுப்பான், எப்போது, அது நிச்சயம் நடக்குமா? இதற்குப் பதில் இருந்தால் உங்களிடம் ஒரு புரோகிராம் இருக்கிறது.

நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எல்லாப் பாடத்தையும் எல்லாச் செமஸ்டரும் போட்டு எல்லாவற்றையும் ரத்து செய்வதை நிறுத்தினோம். ஃபாலில் கம்பேரட்டிவ், ஸ்பிரிங்கில் இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ், தியரி ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் என்று இரண்டு வருடச் சுழற்சி எழுதி, அதைக் கேட்டலாகிலும் கவுன்சிலிங் ஆபீஸ் சுவரிலும் போட்டோம். கூடவே டீனிடம் எழுத்தில் ஒரு வாக்கு வாங்கினோம், சுழற்சியில் உள்ள பாடம் ஆள் குறைவு என்பதற்காக ரத்தாகாது என்று. அந்த வாக்கு வாங்கத்தான் ஒன்றரை வருடம் ஆனது, மற்றதெல்லாம் ஒரு மதிய வேலை. பத்து, பன்னிரண்டு பேராகச் செமஸ்டருக்குச் செமஸ்டர் சிதறி நின்றவர்கள் ஒரே செக்‌ஷனுக்கு வந்ததும் இருபதைத் தாண்டிவிட்டார்கள். தியரி இல்லாத வருடத்தில் பக்கத்து காலேஜ் அதை ஆன்லைனில் நடத்தும்படி அந்தத் துறையோடு பேசி வைத்துக்கொண்டோம். அவர்களுக்கும் அதே தலைவலிதான் என்பதால் உடனே ஒத்துக்கொண்டார்கள்.

காலியாகும் இடம் பற்றி ஒன்று. ஓய்வு பெறுகிறவரின் இடம் துறைக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இத்தனை முழுநேர ஆசிரியர் இருந்தாக வேண்டும் என்ற கடமை காலேஜ் மாவட்டத்துக்குத்தான் (காலேஜ்களை நடத்தும் நிர்வாகம்) இருக்கிறதே தவிர உங்கள் துறைக்கு இல்லை, அந்த இடம் நர்சிங்குக்கும் போகலாம், கணக்குக்கும் போகலாம். எந்த இடத்தை நிரப்புவது என்று வரிசைப்படுத்தும் முன்னுரிமைக் குழுவுக்கு மனு எழுதும்போது 'எங்களுக்கு இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் நிபுணர் வேண்டும்' என்று எழுதினால் போச்சு. டூயல் என்ரோல்மென்ட்டைப் பார்த்துக்கொள்ள, சுழற்சியில் உள்ள மூன்று பாடத்தில் எதையும் நடத்த ஒரு ஆள் என்று எழுதுங்கள்.

மூன்று வளாகம் எழுதியது:

பழைய சேர்மன் ஐயா சொன்ன கணக்கு சரி, முடிவு எனக்கு ஒப்புதல் இல்லை.

நான் மூன்று காலேஜில் பகுதிநேரம். ஒரு மாவட்டத்தில் முழுநேரச் சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் எங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம், அதாவது மூன்று பாடம், ஆகவே திங்கள் ஒரு ஊர், செவ்வாய் ஒரு ஊர், பாதி வாழ்க்கை காரில். மூன்று இடத்திலும் நான் நடத்துவது கவர்ன்மென்ட் மட்டும்தான். முழுநேரத்தில் இருப்பவர்கள் தியரியையும் கம்பேரட்டிவையும் எடுத்துக்கொண்டு 'சோறு போடும் பாடத்தை' எங்களிடம் தள்ளிவிடுகிறார்கள். கடைசிமேசை, உங்களைச் சொல்லவில்லை, பொதுவாக எல்லா இடத்திலும் இதுதான். ஆனால் ஒரு மாணவன் பொலிட்டிக்கல் சயன்ஸ் படிக்கலாமா என்று முடிவு செய்வது எந்த வகுப்பில்? அந்தக் கட்டாய வகுப்பில்தான். முதல் பாடத்தில் ஏதாவது நடந்தால்தான் இரண்டாவது பாடத்துக்கு ஆள் வரும். அதை நடத்துகிறவருக்கோ ஆபீஸ் இல்லை, துறைக் கூட்டத்துக்கு அழைப்பு இல்லை, 'அடுத்த செமஸ்டரில் இந்த வகுப்பு எடு' என்று சொல்ல எது எப்போது இருக்கிறது என்ற விவரமும் கையில் இல்லை. உங்கள் காலேஜில் கவர்ன்மென்ட் செக்‌ஷன்களில் எத்தனை பகுதிநேரம் என்று எண்ணிப் பாருங்கள், பிறகு அவர்களில் எத்தனை பேரிடம் புரோகிராம் ரிவ்யூ பற்றிப் பேசினீர்கள் என்றும் எண்ணுங்கள்.

நான் செய்வதில் ஒன்று சொல்கிறேன், எடுத்துக்கொள்ளலாம். சிட்டி கவுன்சில், ஸ்கூல் போர்டு, தண்ணீர் வாரியம் எதுவாக இருந்தாலும் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டா ஒட்டியாக வேண்டும், 1953இல் வந்த பிரவுன் சட்டம். என் மாணவர்கள் அந்த அஜெண்டாவிலிருந்து ஒரு அயிட்டத்தைப் பிடித்து, யார் கேட்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்கு இடிக்கும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டு, கூட்டத்துக்குப் போய் உண்மையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பொதுமக்கள் பேசும் நேரத்தில் பேசினால் கூடுதல் மதிப்பெண் கொடுப்பதில்லை, பேச வேண்டும் என்று தோன்றினால் பேசட்டும். ஒரு பையன் பஸ் நிறுத்தத்துக்கு நிழற்கூரை போடும் அயிட்டத்துக்காகப் போனான். அன்றைக்கு அதை எந்த விவாதமும் இல்லாமல் கன்சென்ட் காலெண்டரில் (பல அயிட்டங்களை மொத்தமாக ஒரே ஓட்டில் முடிக்கும் பட்டியல்) வைத்து முப்பது நொடியில் நிறைவேற்றிவிட்டார்கள். அவனுக்கு வந்த கோபம் இருக்கிறதே! 'முடிவு எங்கே எடுத்தார்கள் அப்போது?' என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றான். அதற்கு அப்புறம் அவன் எடுத்த பாடங்கள் எல்லாம் நம் துறைதான்.

எண்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஆன்லைன் செக்‌ஷன் நிரம்பிவிட்டது, வெயிட்லிஸ்ட்டில் நாற்பது பேர் என்று பார்த்துவிட்டு கிராஃப் போடாதீர்கள். உதவித்தொகையைத் திருடுவதற்காகப் பதிவு செய்யும் போலி மாணவர்கள் எங்கள் மூன்று காலேஜிலும் கவர்ன்மென்ட் ஆன்லைன் வகுப்பைத்தான் முதலில் பிடிக்கிறார்கள், கட்டாயப் பாடம், முன்தகுதி எதுவும் இல்லை, வேறென்ன வேண்டும். முதல் வாரம் நாங்கள் களையெடுத்தால் வகுப்பு பாதியாகிறது, அதற்குள் நிஜ மாணவன் இடம் இல்லை என்று வேறு காலேஜுக்குப் போய்விடுகிறான். சென்சஸ் நாள் (செமஸ்டர் தொடங்கிச் சில வாரத்தில் வகுப்பில் இருப்பவர்களை அதிகாரபூர்வமாக எண்ணும் நாள்) எண்ணிக்கையையும் கடைசியில் மதிப்பெண் வாங்கியவர்கள் எண்ணிக்கையையும் வைத்துப் பேசுங்கள். திறந்த நாள் எண்ணிக்கை வெறும் கானல் நீர்.

கவுன்சிலிங் ஜன்னல் எழுதியது:

மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கேளுங்கள். உங்கள் துறை கேட்டலாகை எந்த மாணவரும் படிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும், மேஜர் பொலிட்டிக்கல் சயன்ஸ் என்று ஒருவர் சொன்னால் ஏபி 928 சட்டப்படி அவரை அந்த மேஜரின் ஏஏ-டி பாதையில்தான் முதலில் வைக்கிறோம், வேண்டாம் என்றால் அவர் விலகிக்கொள்ளலாம். அதாவது நீங்கள் எப்போது எந்தப் பாடம் நடத்துவீர்கள் என்று எனக்குத் தெரியாவிட்டால் நான் ஏதோ ஒரு செமஸ்டரில் 'தியரி' என்று போட்டு வைப்பேன், அந்தச் செமஸ்டரில் நீங்கள் நடத்தமாட்டீர்கள். அந்த மாணவிக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். பழைய சேர்மன் சொன்ன சுழற்சியைச் சுவரில் ஒட்டுவதைவிட, எங்கள் வாராந்திரக் கூட்டத்துக்கு ஒருமுறை வந்து பத்து நிமிடம் பேசுங்கள்.

அப்புறம், என்னிடம் பொலிட்டிக்கல் சயன்ஸ் என்று வருகிறவர்களில் பலருக்கு மனதில் இருப்பது லா ஸ்கூல். அதற்கு இந்த மேஜர்தான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, நான் அதை மறைப்பதும் இல்லை. சொன்ன பிறகும் தங்குகிறவர்கள்தான் உங்கள் மாணவர்கள். அவர்களை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கம் அனுப்புங்கள். பல காலேஜ்களின் பொலிட்டிக்கல் சயன்ஸ் ஏஏ-டியில் அது மேஜர் பட்டியலிலேயே எண்ணப்படுகிறது, கணக்குத் தேவையும் அதிலேயே தீர்கிறது. குறைந்தது 18 யூனிட் மேஜரில் மூன்று யூனிட் துறைக்கு வெளியே இப்படி முடிந்தால், நீங்கள் தியரி நடத்தாத வருடத்திலும் ஒருவர் பட்டம் வாங்கிவிடலாம். உங்கள் பட்டியலில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் சேர்ப்பது ஒரு கரிக்குலம் கமிட்டி வேலை, அவ்வளவுதான். இன்னொன்று, ஏஏ-டி என்பது கால் ஸ்டேட் அமைப்பில் ஏதோ ஒரு வளாகத்தில் இடம் உறுதி என்பதுதான், யூசிக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், இன்னொரு அமைப்பு) போகிறவர்களுக்கு அதே உறுதி கிடையாது. உங்களிடம் யூசி கனவோடு வருகிறவர்கள் அதிகம் என்றால் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் நீங்கள் டிரான்ஸ்ஃபர் செய்கிற இரண்டு மூன்று யூசி வளாகங்கள் என்ன பாடம் கேட்கின்றன என்று பார்த்து, எந்தப் பாடத்தைக் கைவிடலாம் என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள்.

சர்டிஃபிகேட் பற்றி டீன் சொல்வதை அப்படியே ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் பொலிட்டிக்கல் சயன்ஸ் பெயரில் தொடங்கினால் தொழிற்கல்விப் பணம் வராது, நட்சத்திரக் குறி போட்ட டாப் கோடு (பாடப்பிரிவுகளை வகைப்படுத்தும் எண், நட்சத்திரம் இருந்தால் தொழிற்கல்வி) வேண்டும். பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு அது உண்டு. ஆலோசனைக் குழு, வேலைச் சந்தைத் தரவு, பிராந்தியக் கூட்டமைப்பின் சிபாரிசு என்று எல்லாம் முடியக் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும் வேலை அது. முழுநேரம் ஒரே ஆளாக நின்றுகொண்டு அதில் கை வைக்க வேண்டாம்.

கடைசிமேசை எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. கொஞ்சம் வலித்தது, பரவாயில்லை.

மூன்று வளாகம், நீங்கள் கேட்டதை எண்ணினேன். இந்தச் செமஸ்டரில் எங்கள் கவர்ன்மென்ட் செக்‌ஷன்களில் முழுநேர ஆள் நடத்துவது ஒன்றே ஒன்று, அதுவும் நான் இல்லை, ஓய்வு பெறப்போகிறவர். நான் இரண்டு வருடமாக அதை எடுக்கவே இல்லை. ஸ்பிரிங்கில் இரண்டு செக்‌ஷன் எடுக்கிறேன் என்று டீனிடம் சொல்லிவிட்டேன். தியரியைப் பகுதிநேரத்தில் இருக்கும் ஒருவருக்குக் கொடுக்கப் போகிறேன், அவருடைய முதுகலை ஆய்வே அந்தப் பாடத்தில்தான் என்பது எனக்கு இந்த வாரம்தான் தெரியும். ஐந்து வருடம் ஒரே தாழ்வாரத்தில் இருந்திருக்கிறோம், வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எங்கள் பட்டியலில் இல்லை. யாரும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான் காரணம். கரிக்குலம் கமிட்டிக்கு இந்த மாதக் கடைசித் தேதிக்குள் போகிறது.

இரண்டு வருடச் சுழற்சி எழுதிவிட்டேன். ரத்து செய்யமாட்டோம் என்ற வாக்கைத்தான் டீன் தரமறுக்கிறார், 'பதினைந்து பேராவது இருந்தால்' என்கிறார். ஏஐ பாடத்துக்கு ஒப்புக்கொண்டால் யோசிப்பாராம்.

பழைய சேர்மன் எழுதியது:

பதினைந்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சென்சஸ் நாளில் பதினைந்து என்று எழுதி வாங்குங்கள், ஒரு வாரம் முன்பு என்று விட்டுவிடாதீர்கள். பாதி மாணவர்கள் கடைசி நான்கு நாளில்தான் பதிவு செய்கிறார்கள். ஏஐக்குப் புதுப் பாடம் வேண்டாம், எந்தப் பட்டியலிலும் எண்ணப்படாத பாடத்துக்கு முதல் செமஸ்டர் ஆர்வத்தில் ஆள் வரும், இரண்டாவது செமஸ்டரில் அதுவும் ரத்துப் பட்டியலில் சேரும். கம்பேரட்டிவில் மூன்று வாரம் ஒதுக்கி, தேர்தல்களில் போலி வீடியோவை எந்த நாடு எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று நடத்துகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். டீனுக்குத் தேவை மேலே காட்ட ஒரு வரிதான்.

அப்புறம் மூன்று வளாகம் சொன்னது சரி. நான் சேர்மனாக இருந்த காலத்தில் கவர்ன்மென்ட் எடுத்தது மொத்தம் நான்கு தடவை.

கடைசிமேசை எழுதியது:

சென்சஸ் நாள் என்பது தோன்றவே இல்லை, அதைக் கேட்கிறேன். கடைசியாக ஒன்று: தியரியை வேலைக்குப் போகிறவர்களும் வரட்டும் என்று செவ்வாய் மாலை ஆறு மணிக்குப் போடலாம் என்றிருக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம்?

மூன்று வளாகம் எழுதியது:

செவ்வாய் வேண்டாம். உங்கள் சிட்டி கவுன்சில் என்றைக்குக் கூடுகிறது என்று முதலில் பாருங்கள், என் மூன்று ஊரிலும் செவ்வாய் மாலைதான். புதன் போடுங்கள்.